டார்கெட் சுடுதவன் வேட்டைக்குப் போனா: அண்ணாச்சிகிட்ட கேளுங்க

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். பள்ளிக்கூடத்துல ஏர் ரைபிள்ல ஆரம்பிச்சு 50 மீட்டர் .22 வரைக்கும் ரேஞ்சுலயே வளந்தவன், பெறவு வேலைக்கு மெல்போர்ன் போன இடத்துல விக்டோரியா மலைக்காட்டுல மிளா, அதான் கடமான், வேட்டை பழகினேன், நமீபியாவுக்கும் போயி வந்தாச்சு. இப்ப ஊர்ல ரேஞ்சுல பயலுவளுக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். டார்கெட் நல்லா சுடுதோம், பெரிய மிருக வேட்டைக்கு எப்பிடிப் போவணும்னு ஆளாளுக்கு கேக்காங்க, தனித்தனியா சொல்லி வாய் வலிக்கு, அதனால மொத்தமா இங்கன கேளுங்க. அதுக்கு முன்ன ஒண்ணு. இந்தியாவுக்குள்ள வேட்டை கிடையாது, கிடையவே கிடையாது. நான் சொல்லுதது எல்லாம் வெளிநாட்டுல, லைசென்ஸோட, அந்தந்த ஊர் சட்டப்படி.

பாளையங்கோட்டை, 10 மீட்டர் ஏர் ரைபிள்: அண்ணாச்சி, நான் மேட்ச்ல 620 தாண்டிப் போடுதேன். 10 மீட்டர்ல பத்தாவது வளையமே அரை மில்லிமீட்டர் புள்ளி. மானோட நெஞ்சு ஒரு ஜாண் அகலம் இருக்கும்னு சொல்லுதாங்க. எனக்கு இதுல என்ன கஷ்டம் இருக்கப் போவுது?

தம்பி, 620 லேசுப்பட்ட ஸ்கோர் இல்ல. உன் ட்ரிகர், மூச்சு, சுட்ட பெறவும் துப்பாக்கிய அசைக்காம வச்சிருக்குத பழக்கம், இதெல்லாம் வேட்டைக்காரங்க பாதிப் பேருக்கு கடைசி வரைக்கும் வராது. ஆனா எதையெல்லாம் வச்சிக்கிட்டு அந்த 620 போடுதன்னு எண்ணிப் பாரு, வெறச்ச ஜாக்கெட்டு, பேண்ட்டு, தனி ஷூ, இடது கண்ண மறைக்க பிளைண்டர், சமதளம், நல்ல லைட்டு, 60 ஷாட்டுக்கு 75 நிமிசம், அதுக்கும் முன்ன 15 நிமிசம் சைட்டர், அதான் கணக்குல சேராத பழகு ஷாட்டு, வேற. காட்டுல சைட்டர் கிடையாதுல்லா. ஆறிக் கெடக்குத பேரல்ல இருந்து போவுத முதல் குண்டுதான் மேட்ச், அதோட மேட்ச் முடிஞ்சு போச்சு. மேடு ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு நிப்ப, கால் ஒண்ணு கல்லு மேல இருக்கும், மான் நிக்கது அஞ்சு ஆறு செகண்டு. நெஞ்சு ஒரு ஜாண் அகலந்தான், ஆனா அதுல வளையம் வரைஞ்சிருக்காது, முடியும் நிழலும் ஒரே கலர்ல கெடக்கும், எங்க நடுன்னு உனக்கே தெரியாது.

டார்கெட்காரன் ரெண்டு விதமா கெடுவான். ஒருத்தன் 10.9க்கு, அதான் ஒரு ஷாட்டோட உச்ச ஸ்கோருக்கு, காத்துக் கெடப்பான், துப்பாக்கி ஆட்டம் ஒரு ஜாணுக்குள்ள இருந்தாலும் அவனுக்கு திருப்தி வராது, அதுக்குள்ள மான் போயிரும். இன்னொருத்தன் எப்பிடியும் பட்டுரும்னு எந்தக் கோணத்துலயும் அமுக்குவான். ரெண்டாமவன்தான் ஆபத்து. ஷாட்டு சரியா வரலன்னா துப்பாக்கிய தோள்ல இருந்து இறக்கி வைக்கப் பழகிருக்கேல்லா, அதை மட்டும் பத்திரமா வச்சிக்க, காட்டுல அதை விடப் பெரிய திறமை கிடையாது.

இன்னைக்கே ஒண்ணு செய். ரேஞ்சுக்கு வந்ததும் சைட்டர் இல்லாம, வார்ம்அப் இல்லாம ஒரே ஒரு ஷாட்டு போடு, நோட்டுல எழுது, பெறவு உன் பிராக்டிஸப் பாரு. மாசம் கழிச்சு அந்த முதல் ஷாட்ட மட்டும் தனியா எடுத்துப் பாத்தா நீ யாருன்னு தெரிஞ்சிரும்.

கடையம்: முயல், கௌதாரி மாதிரி சின்னதுல கை பழகிட்டு பெருசுக்குப் போலாம்லா? எங்க பக்கம் மலையடிவாரத்துல நிறைய கெடக்கு.

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் உண்டு, மயிலுக்கும் உண்டு. 2022ல திருத்தி 2023 ஏப்ரல்ல இருந்து புது அட்டவணை வந்திருக்கு, சாதாரண குத்தத்துக்கே மூணு வருசம் ஜெயில், இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். அட்டவணை ஒண்ணுல இருக்குத மிருகம்னாலோ, சரணாலயத்துக்குள்ள நடந்துச்சுன்னாலோ மூணு வருசத்துக்கு குறையாது, ஏழு வரைக்கும் போவும். உங்க கடையத்துக்கு மேல இருக்குதது களக்காடு முண்டந்துறை, 1988ல தமிழ்நாட்டுல முதல்ல அறிவிச்ச புலிகள் காப்பகம். துப்பாக்கி போவும், வண்டி போவும், லைசென்ஸ் போவும், பெறவு எந்த நாட்டு விசா பாரத்துலயும் கேஸ் இருக்கான்னு கேக்குத கட்டம் ஒண்ணு இருக்கும்லா. ஏர் ரைபிள்னா பரவால்லன்னு நெனைக்காதீய, குழல் அளவு .177க்கு மேல போவாம, குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா ஆயுத லைசென்ஸ் வேண்டாம், அம்புட்டுதான், அதுக்காக கௌதாரியச் சுடலாம்னு அர்த்தம் கிடையாது.

ஆழ்வார்குறிச்சி, விவசாயி: அண்ணாச்சி எல்லாஞ் சரி, ராத்திரி பன்னி வந்து நெல்லையும் கிழங்கையும் உழுது போட்டுட்டுப் போவுது. உங்கள மாதிரி சுடத் தெரிஞ்ச ஆளுவ வந்து சுட்டுத் தந்தா என்ன?

அண்ணே, வயித்தெரிச்சல் புரியுது. ஆனா நானும் சுடக் கூடாது நீங்களும் சுடக் கூடாது. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவுல காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியச் சுடக் கூடாது, 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடணும், 3 தாண்டினா சுடலாம், அதுவும் பயிற்சி உள்ள வனத்துறை ஆளுவதான். மனு குடுங்க, பயிர் சேதத்த போட்டோ எடுத்து நஷ்டஈட்டுக்கும் குடுங்க. செங்கோட்டையத் தாண்டினா கேரளாக்காரன் 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் குடுத்து லைசென்ஸ் உள்ள ஆள வச்சு சுட விடுதான், அது அவன் ஊரு சட்டம், அதைக் காட்டி இங்க சுட முடியாது. கரண்டு வேலி மட்டும் போட்ராதீய, பன்னிக்கு வச்சதுல நம்ம ஆளே செத்துருக்கான், யானையும் செத்துருக்கு.

தென்காசி: சரி அண்ணாச்சி, வெளிநாடுன்னா எந்த நாடு முதல்ல?

உங்க சூழ்நிலையப் பொறுத்தது. ஊர்ல இருந்து லீவு போட்டு ஒரு தடவ போவுதவருக்கு நான் நமீபியாதான் சொல்லுவேன். தனியாளா சுத்த விடமாட்டான், பதிவு பண்ணின கைடு கூடவே வருவாரு, அதுதான் புதுசா வாறவனுக்கு வேணும். திறந்த வெளி, மிருகம் நெறையப் பாக்கலாம், ஒரு நாள்ல பத்து தடவ நெருங்கிப் போயி ஒம்பது தடவ சுடாமத் திரும்பி வரலாம், அதுல படிக்குத மாதிரி வேற எதுலயும் படிக்க முடியாது. ஸ்பிரிங்பாக்னு சின்ன மான், 30ல இருந்து 45 கிலோ. குடுன்னு ஒரு பெரிய மான், 200 கிலோவத் தாண்டும், சுருள் கொம்பு. ஒரிக்ஸ்னு இன்னொரு பெரிய மான், ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஈட்டி மாதிரி நீளக் கொம்பு, அடிபட்டா திரும்பிக் குத்தும், பாத்துக்கிடுங்க.

நியூசிலாந்துல மான் எல்லாமே வெளியில இருந்து கொண்டு விட்டது, அதனால அரசாங்க நிலத்துல வேட்டைக்கு பெர்மிட்டு ஆன்லைன்லயே இலவசமாக் கெடைக்கும், ஆனா வெளிநாட்டு ஆளுக்கு போலீஸ்கிட்ட விசிட்டர் துப்பாக்கி லைசென்ஸ் முன்கூட்டியே வாங்கணும். அங்க 1904ல கொண்டு விட்ட இமயமலை தார் ஆடு இருக்கு, அது நிக்குத இடத்துக்குப் போவ முழங்கால் நல்லா இருக்கணும். ஆஸ்திரேலியாவுல வேலை பாக்குத நம்ம ஆளுவளுக்கு விக்டோரியா. நம்ம மிளாவ 1860கள்ல கொண்டு போயி விட்டான், இப்ப மலை பூரா அதுதான். மொத தடவ அங்க காட்டுக்குள்ள மிளா கத்துத சத்தம் கேட்டப்ப எனக்கு முண்டந்துறைக்குள்ள நிக்குத மாதிரியே இருந்துச்சு, இங்க சிறுத்தையப் பாத்துக் கத்தும், அங்க என்னையப் பாத்துக் கத்துச்சு. ஆனா கைடு இல்லாம தனியா மிளா புடிக்கது ரொம்பக் கஷ்டம், முதல் வருசம் வாலத்தான் பாப்பீய.

டல்லாஸ், சொந்த ஊர் திசையன்விளை: நான் ஹெச்1பி விசாவுல இருக்கேன். இங்க நண்பர் பன்னி வேட்டைக்குக் கூப்புடுதாரு, டெக்சாஸ்ல பன்னிக்கு லைசென்ஸே வேண்டாம்னு சொல்லுதாரு. போலாமா?

நண்பர் சொல்லுதது அவருக்குச் சரி, உங்களுக்குச் சரியில்ல, இதை எல்லாரும் கவனிங்க. 2019ல இருந்து டெக்சாஸ்ல நிலக்காரர் சம்மதம் இருந்தா பன்னிக்கு வேட்டை லைசென்ஸ் வேண்டாம், உண்மை. ஆனா அமெரிக்க மத்திய சட்டப்படி உங்கள மாதிரி தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியத் தொட்டாலே குத்தம், அதுக்கு விதிவிலக்குல ஒண்ணு அமெரிக்க மாநிலம் ஏதாவது குடுத்த செல்லுபடியாகுத வேட்டை லைசென்ஸ். அதனால பன்னிக்கு வேண்டாம்னாலும் உங்களுக்கு லைசென்ஸ் வேணும், பையிலயே வச்சிருங்க, ரேஞ்சுக்குப் போனாலும் வச்சிருங்க. ஒருக்கா வக்கீல்கிட்டயும் கேட்டுக்கிடுங்க, கிரீன்கார்டு கனவோட இருக்குதவரு நண்பர் சொன்னாருன்னு போவக் கூடாது. 1971 செப்டம்பர் 2லயோ அதுக்குப் பெறவோ பொறந்தவருன்னா ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸும் முடிக்கணும், அதை சடங்குக்குன்னு பண்ணாதீய, நல்ல கோர்ஸ்.

இன்னொண்ணு சொல்லட்டா, நம்ம வல்லநாட்டுல சரணாலயம் போட்டுக் காப்பாத்துத வெளிமான், டெக்சாஸ் பண்ணையில வேலிக்குள்ள காசு கட்டிச் சுடுத மிருகம். புள்ளிமானும் அப்பிடித்தான். சட்டப்படி சரிதான், ஆனா எனக்கு மனசு ஒப்பல, நான் போவல.

வள்ளியூர்: வீடியோவுல எல்லாரும் .375 தோட்டாத் துப்பாக்கி எடு, அதுல எருமை வரைக்கும் அடிக்கலாம்னு சொல்லுதாங்க. நான் இது வரைக்கும் .22 மட்டும்தான் சுட்டிருக்கேன். நேரா .375 போலாமா?

நீச்சல் தெரியாதவன் பாணதீர்த்த அருவியில குதிச்ச கதையாப் போவும். கணக்கச் சொல்லுதேன் கேளுங்க. உங்க .22 குண்டு துப்பாக்கிக் குழல் வாயில இருந்து கெளம்பும்போது 140 ஜூல் கிட்ட. .30-06னு 1906ல வந்த தோட்டா இன்னைக்கும் உலகம் பூரா ஓடுது, அது 3800 ஜூல் பக்கம். 1912ல வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் 5800 பக்கம். நமீபியா சட்டத்துல ஸ்பிரிங்பாக் மாதிரி சின்னதுக்கு குறைஞ்சது 1350 ஜூல், குடு ஒரிக்ஸ்க்கு 2700, எருமை யானைக்கு 5400. அப்ப .30-06 இருந்தாலே நீங்க முதல் அஞ்சு வருசம் ஆசைப்படுத எல்லாத்துக்கும் போதும். விக்டோரியாவுல மிளாவுக்கு குறைஞ்சது .270, குண்டோட எடை குறைஞ்சது 130 கிரெயின்.

உதைதான் டார்கெட்காரனுக்கு எமன். .22ல உதையே கிடையாது, ஏர் ரைபிள்ல சுத்தமாக் கிடையாது, அதனால நம்ம உடம்புக்கு பயப்படத் தெரியாது, ஒரு தடவ பெருசா வாங்கிட்டா அடுத்த ஷாட்டுல இருந்து கண்ண மூடி ட்ரிகர புடுங்க ஆரம்பிச்சிரும், அதை சரி பண்ண வருசக்கணக்காவும். பெஞ்சுல ஒக்காந்து பெரிய தோட்டா நிறைய சுடாதீய, உடம்பு பின்னால போவ வழியில்லாம முழு அடியும் தோள்ல வாங்கும். நின்னுக்கிட்டு சுடுங்க, காதுக்கு பிளக்கும் மஃப்பும் ரெண்டும் போடுங்க, ஒரு நாளைக்கு பத்து தோட்டா போதும், நடுவுநடுவுல காலி சேம்பர்ல ட்ரிகர் அமுக்குங்க. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் ஒம்பது பத்து சென்டிமீட்டர் இடம் விடுங்க. ஏர் ரைபிள்ல அபெர்ச்சர்கிட்ட, அதான் பின்பக்கத்து ஓட்டைக் குறிகிட்ட, மூக்க ஒட்டிப் பழகினவன் எல்லாம் முதல் நாளே புருவத்துல அரைவட்டமா வெட்டு வாங்கிட்டு நிப்பான், ரத்தம் நிக்காது, பாக்கவும் அசிங்கம்.

ட்ரிகரும் வேற. உங்க மேட்ச் ட்ரிகர் நெனச்சாலே வுழுந்துரும், வேட்டைத் துப்பாக்கியில ஒண்ணு ஒண்ணரை கிலோ இழுக்கணும். அதை லேசாக்கக் கேக்காதீய, குளிர்ல விரல் மரத்துப் போயி கையுறையோட இருக்கும்போது அந்தக் கனம்தான் உங்களக் காப்பாத்தும். மேட்ச் குண்டும் வேண்டாம், அது பேப்பர்ல ஓட்டை போடத்தான். உள்ள போயி விரிஞ்சும் உடையாம இருக்குத சாஃப்ட் பாயிண்ட் குண்டு கேட்டு வாங்குங்க.

அதே வள்ளியூர்: ஜீரோ எத்தன மீட்டர்ல வைக்கணும்?

ஜீரோன்னா ஸ்கோப் குறியும் குண்டு படுத இடமும் ஒண்ணாச் சேருத தூரம். .30-06க்கு 100 மீட்டர்ல 5 சென்டிமீட்டர் மேல படுத மாதிரி வச்சிருங்க. 200 வரைக்கும் நடுவுலயே புடிச்சு சுடலாம், ஸ்கோப் டயல் திருக வேண்டாம். 300ல ஒரு ஜாண் இறங்கிரும், முதல் வருசம் 300 உங்களுக்கு எதுக்கு.

அம்பாசமுத்திரம்: எங்கன குறி வைக்கணும்? தலையில சுட்டா உடனே செத்துரும்லா, நாங்க டார்கெட்காரங்க, தலை என்ன, கண்ணுலயே போடுவோம்.

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். தலைய மறந்துருங்க. மூளை சின்னது, மான் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கும், கொஞ்சம் தப்பினா தாடை உடைஞ்சு ஓடிரும், திங்க முடியாம வாரக்கணக்குல சாவும். நெஞ்சுதான். பக்கவாட்டுல நிக்குத மிருகத்துக்கு முன்னங்கால் கோட்டோட மேல வாங்க, உடம்போட உயரத்துல கீழ இருந்து மூணுல ஒரு பங்கு ஏறினதும் நிறுத்துங்க, அங்கதான் இதயத்துக்கு மேல் பக்கமும் நுரையீரலும். ஆப்பிரிக்க மிருகத்துக்கு இதயம் இன்னும் முன்னால தள்ளி, கீழ இருக்கும், அதனால அமெரிக்க வீடியோ பாத்து தோளுக்குப் பின்னால புடிக்கவன் அங்க போயி வயித்துல போட்டுட்டு முழிப்பான்.

டார்கெட் தட்டையா இருக்கும், மிருகம் உருண்டை. அதனால தோல்ல ஒரு புள்ளியப் பாக்காதீய, குண்டு உள்ள எந்த வழியாப் போயி எங்க வெளிய வரணும்னு பாருங்க. சாய்ஞ்சு நின்னா அந்தப் பக்கத்து முன்னங்கால மனசுல வச்சு அதுக்கு நேரா குறி வைங்க. நேரா உங்களப் பாத்தோ, பின்னாலக் காட்டிக்கிட்டோ நின்னா புதுசா வாறவன் சுடக் கூடாது, திரும்பட்டும், திரும்பலன்னா போவட்டும். இதைப் பழக ஒரு வழி இருக்கு, கசாப்புக் கடையில ஆடு வெட்டும்போது போயி நில்லுங்க, நுரையீரல் எங்க முடியுது, ஈரல் எங்க ஆரம்பிக்குன்னு கண்ணால பாருங்க. கூச்சமா இருந்தா வேட்டைக்கு நீங்க இன்னும் தயாராவல.

பாளையங்கோட்டை, காலேஜ் பொண்ணு, என்சிசி: அண்ணாச்சி, நான் என்சிசி .22ல படுத்துச் சுடுதேன். கிளப்புல ஏர் ரைபிளும் உண்டு. இங்கயே எப்பிடிப் பழகலாம்?

தாயி, நல்ல கேள்வி. படுத்துச் சுடுதது காட்டுல ரொம்ப அபூர்வம், புல்லு மறைச்சிரும். ஆப்பிரிக்காவுல எல்லாமே மூணு கால் கம்பு மேல வச்சு நின்னுக்கிட்டுதான். மூணு மூங்கில் கம்பு உன் தோள் உயரத்துக்கு வெட்டு, மேல ஒரு ஜாண் விட்டு பழைய சைக்கிள் ட்யூப்பால கட்டு, விரிச்சா ஸ்டாண்டு ஆயிரும், செலவு அம்புட்டுதான். கிளப்புல அனுமதி கேட்டு, 10 மீட்டர்ல 2 சென்டிமீட்டர் வட்டம் ஒட்டு, அது 100 மீட்டர்ல 20 சென்டிமீட்டர் நெஞ்சுக்குச் சமம். வளையம் போட்ட அட்டை வேண்டாம், மான் படத்தப் பிரிண்ட் எடுத்து ஒட்டு, வட்டத்தப் படத்துக்குப் பின்னால வரை, சுட்ட பெறவு திருப்பிப் பாரு. துப்பாக்கி காலியா மேசையில இருக்கட்டும், நீ வெளிய போயி படிக்கட்டு நாலு தடவ ஏறி இறங்கி ஓடி வா, லோடு பண்ணு, கம்ப விரி, ஆறு செகண்டுக்குள்ள ஒரு ஷாட்டு, இல்லன்னா விட்டுரு. ஜாக்கெட்டு போடாத. முட்டி போட்டு, ஒக்காந்து, சுவத்துல சாஞ்சு, எல்லாம் பழகு. ரெண்டு கண்ணும் திறந்து வச்சு சுடப் பழகு, பிளைண்டரத் தூக்கிப் போடு. சுட்ட உடனே தலையத் தூக்கி எங்க பட்டுச்சுன்னு பாக்காத, தலை அங்கயே இருக்க கை மட்டும் அடுத்த தோட்டாவ ஏத்தணும், நம்ம ஆளுவ எல்லாம் ஸ்கோர் மானிட்டரப் பாத்துப் பழகி இதுலதான் தோப்பாங்க.

சங்கரன்கோவில்: காத்து கணக்கு எங்களுக்கு அத்துபடி, கொடி பாத்தே சொல்லிருவோம். அங்கயும் அதேதானா?

காத்து குண்டத் தள்ளுததப் பத்தி 150 மீட்டருக்குள்ள கவலையே படாதீய. காத்து உங்க வாசனைய எங்க கொண்டு போவுதுன்னு பாக்கணும். காத்து உங்க முதுகுல பட்டுச்சுன்னா அன்னைக்கு எந்த மிருகமும் கெடையாது. சின்ன பிளாஸ்டிக் புட்டியில அடுப்புச் சாம்பல் போட்டு அமுக்கினா புகை எங்க போவுதுன்னு தெரியும், கைடு எல்லாரும் அதைத்தான் வச்சிருப்பாங்க. நான் வீட்டு அடுப்புச் சாம்பல கொண்டு போயிருந்தேன், ஏர்போர்ட்டுல அதைத் திறந்து மோந்து பாத்தாங்க. காலையில மேட்டுல இருந்து பள்ளத்துக்கு குளிர் காத்து கீழ இறங்கும், வெயில் ஏறினா மேல போவும், பாபநாசத்துல மலையடிவாரத்துல இருக்குதவங்களுக்கு இதை சொல்லித் தரவே வேண்டாம்.

நாங்குநேரி: ரேஞ்சுல ரேஞ்ச் ஆபீசர் இருப்பாரு. அங்க பாதுகாப்பு யாரு பாப்பா?

நீங்கதான். அதான் மாத்தம். ரேஞ்சுல பின்னால மண்மேடு இருக்குன்னு மனசு நிம்மதியா இருக்கும், காட்டுல .30-06 குண்டு கிலோமீட்டர் கணக்குல போவும். மேட்டு உச்சியில வானத்துக்கு எதிரா நிக்குத மிருகத்தச் சுடவே கூடாது, பின்னால என்ன இருக்குன்னு தெரியாது. ஸ்கோப்ப வச்சு அது என்னன்னு தேடாதீய, அதுக்கு பைனாகுலர், ஸ்கோப்பு வழியா மனுசனப் பாத்தா நீங்க அவன் மேல துப்பாக்கி நீட்டியாச்சு. கூட்டமா நின்னா ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு நிக்கும், குண்டு ரெண்டையும் துளைச்சிரும். வேலி தாண்டும்போது, ஓடை தாண்டும்போது, வண்டியில ஏறும்போது சேம்பர் காலி. கைடு தோட்டா ஏத்தச் சொன்னாத்தான் ஏத்தணும்.

வீரவநல்லூர்: சுட்டாச்சு, மிருகம் ஓடிருச்சு. பெறவு?

அங்க இருந்துதான் வேட்டையே ஆரம்பிக்கி. நெஞ்சுல பட்ட மானும் அம்பது நூறு மீட்டர் ஓடும், நீங்க தப்பிட்டேன்னு நெனச்சிருவீய. சுட்ட நேரத்துல அது என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் வச்சிக்கணும், முன்னங்கால் தூக்கிக் குதிச்சுதா, முதுகக் கூனிச்சா. கூனினா பெரும்பாலும் வயிறு. அது நின்ன இடத்தையும், கடைசியாப் பாத்த மரத்தையும் குறிச்சு வைங்க, நீங்க நின்ன இடத்துல துணியக் கட்டுங்க. உடனே ஓடாதீய. அரை மணி நேரம் ஒக்காருங்க. ரத்தம் நுரை கட்டி இளஞ்சிவப்பா இருந்தா நுரையீரல், பக்கத்துலதான் கெடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், இன்னும் நேரம் குடுக்கணும். பச்சையும் நாத்தமும் இருந்தா குடல், மணிக்கணக்குல காத்திருக்கணும், தொரத்தினா அது எழுந்து எழுந்து மைல் கணக்குல போயிரும். ரத்தத்தத் தேடிப் போவும்போது தடத்து மேல நடக்காதீய, ஓரமாப் போங்க.

விழுந்து கெடந்தா முன்னால இருந்து போவக் கூடாது, முதுகுப் பக்கமாப் போயி, நீளக் கம்பால கண்ணத் தொடணும். இமை ஆடினா இன்னொரு குண்டு. ஆப்பிரிக்காவுல ரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலே முழுக்காசும் கட்டணும், மிருகம் கெடைச்சாலும் கெடைக்கலன்னாலும். நியாயமான விதி, அது இருக்கதாலதான் கண்டபடி சுடமாட்டான்.

ஸ்ரீவைகுண்டம்: காசு குடுத்து ஒரு உயிரக் கொல்லப் போவுததுக்கு இம்புட்டு பாடமா? வெக்கமா இல்லையா?

கேக்க வேண்டிய கேள்விதான், கோவிச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுலயே பாதிப் பேரு சுத்த சைவம், எங்க அம்மை நான் நமீபியா போயிட்டு வந்தப்ப ரெண்டு நாள் பேசல. நான் சொல்ல முடிஞ்சது இது. விக்டோரியாவுல மிளா அந்த மண்ணோட மிருகம் கெடையாது, அங்க காட்டையே தின்னு அழிக்கி, அரசாங்கமே ஹெலிகாப்டர்ல இருந்து சுடுது. நமீபியாவுல 1996ல சட்டத்த மாத்தி ஊர்க்காரங்க கையிலயே காட்டு மிருகத்தோட பொறுப்பக் குடுத்தாங்க, வேட்டைக்காசும் கறியும் ஊருக்குப் போவுது. அமெரிக்காவுல 1937ல போட்ட சட்டப்படி துப்பாக்கி தோட்டா வரி காட்டு மிருகப் பாதுகாப்புக்குப் போவுது. இதெல்லாம் உங்க மனச மாத்தும்னு நான் சொல்லல. நம்ம நாட்டுல தடை இருக்கது எனக்கு முழுச் சம்மதம், இங்க இருக்கது கொஞ்சம், ஆளுவ நெறைய.

அம்பை பக்கம்: எங்க தாத்தா காலத்து மான் கொம்பு வீட்டு முகப்புல மாட்டிக் கெடக்கு. பிரச்சினை வருமா? நீங்க சுட்டதோட கொம்ப கொண்டு வந்தீயளா?

சிங்கம்பட்டி ஜமீன் காடு இருந்த காலத்துல இருந்தே உங்க பக்கம் பாதி வீட்டுல இது உண்டும். உரிமைச் சான்றிதழ் இருக்கான்னு பழைய பேப்பருக்குள்ள தேடுங்க, 2003ல கையில இருக்கதச் சொல்லிப் பதிய ஒரு வாய்ப்புக் குடுத்தாங்க, அப்ப பதிஞ்சிருந்தா காகிதம் இருக்கும். இல்லன்னா வக்கீல வச்சுக்கிட்டு வனத்துறையில பேசுங்க, விக்கவோ அடுத்த வீட்டுக்குக் குடுக்கவோ செய்யாதீய. காட்டுல தானா உதிர்ந்து கெடக்குத கொம்பையும் எடுக்கக் கூடாது. நான் ஒண்ணும் கொண்டு வரல, போட்டோ மட்டும். பேப்பர் வேலையும் சுங்கமும் சேந்து உசிர எடுத்துரும், வீட்டுல அம்மை வேற இருக்காவ.

பாவூர்சத்திரம்: செலவு எப்பிடி? துப்பாக்கிய இங்க இருந்து கொண்டு போவணுமா?

முதல் தடவ கொண்டு போவாதீய. அங்கயே வாடகைக்குக் குடுப்பான், சைலன்சர் மாட்டின நல்ல துப்பாக்கி, உதையும் குறையும். போன அன்னைக்கே கேம்புல மூணு ஷாட்டு போட்டுப் பாக்கச் சொல்லுவான், உங்க கண்ணுக்கு ஜீரோ சரியா இருக்கான்னு பாக்கதுக்கும், நீங்க எப்பிடி ஆளுன்னு கைடு பாக்கதுக்கும். செலவு நாள் வாடகை தனி, மிருகத்துக்கு மிருகம் காசு தனி, டிப்ஸ் தனி, டிக்கெட் தனி. கொம்புக்கு ஆசைப்படாம கறிக்குச் சுடுத பெட்டை மிருகமா கேளுங்க, காசு ரொம்பக் குறையும், படிக்குதது அதே படிப்பு. நான் புதுசா போற எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுதேன், ஒருத்தனும் கேக்கது இல்ல, எல்லாவனுக்கும் குடு கொம்போட போட்டோ வேணும்.

மேலப்பாளையம்: ஃபைனல்ஸ்ல கை நடுங்குத எனக்கு, மிருகத்தப் பாத்தா என்ன ஆவும்?

நடுங்கும். பத்து ஒலிம்பிக் ஆடினவனுக்கும் நடுங்கும். கொம்பப் பாக்காதீய, ஒரு தடவ பாத்து இதுதான்னு முடிவு பண்ணியாச்சுன்னா பெறவு நெஞ்சுல ஒரு முடியத்தான் பாக்கணும். ஃபைனல்ஸ்ல செய்யுத அதே மூச்சு, அதே வரிசை. நடுக்கம் நிக்கல, கம்பு ஆடுதுன்னா கைடு தோளத் தட்டி 'சுடு சுடு'ன்னு சொன்னாலும் சுடாதீய, துப்பாக்கி உங்க கையிலதான இருக்கு.

மேலப்பாளையம், மறுபடி: கறி எப்பிடி இருக்கும்?

மிளாக் கறியில கொழுப்பே கெடையாது, நம்ம ஆட்டுக்கறி மாதிரி குக்கர்ல விசில் விட்டா செருப்பு. தொடைக்கறிய தயிர்ல ஒரு ராத்திரி ஊற வச்சு, சின்ன வெங்காயம் நெறையப் போட்டு, நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி, மூடி வச்சு மூணு மணி நேரம் லேசான தீயில விடணும். மெல்போர்ன்ல நம்ம ஊரு ஆளுவ நாலு வீட்டுக்கு அப்பிடித்தான் பங்கு போவும். மிச்சக் கேள்விய ஞாயித்துக்கிழம பாக்கேன், ரேஞ்சுச் சாவி என்கிட்ட இருக்கு, பயலுவ வாசல்ல நிக்கானுவ.